645 ரன்கள்

ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள் கொண்ட சொல் எது என்று கேட்டால் மனம் உடனே ஏதாவது கனத்த சொல்லைத் தேடும். உண்மை, அன்பு, கடவுள் என்று தத்துவக்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அடித்துக்கொள்ளும் சொற்களுக்குத்தான் அத்தனை பொருள் இருக்கும் என்று தோன்றும். விடை அங்கே இல்லை. கிரிக்கெட் பார்க்கிற எந்தக் குழந்தைக்கும் தெரிந்த சொல் அது: ரன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர், இந்தச் சொல்லின் வினை வடிவத்தைத் திருத்தி எழுத மட்டும் ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டார். 2011இல் அந்த வேலை வெளியானபோது 645 பொருள்கள் தேறியிருந்தன. ஓட்டத்தைக் குறிக்கும் சொல்லுக்காக ஒரு மனிதர் ஒன்பது மாதம் நாற்காலியை விட்டு எழாமல் இருக்க வேண்டியிருந்தது.

அதற்கு முன் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது செட். அதே அகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் அதன் வினை வடிவத்துக்கு 430 பொருள்கள்; விளக்கமும் மேற்கோள்களுமாகச் சேர்த்து ஏறக்குறைய 60,000 சொற்கள். ஒரு நாவலின் நீளம். இந்த இரண்டு சொற்களும் முதலிடம் பிடித்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த 645இல் சிலவற்றையாவது தமிழில் சொல்லிப் பார்க்கலாம். மனிதன் காலால் ஓடுவது ரன். மூக்கு ஒழுகுவதும் ரன். துவைக்கும்போது சாயம் போவது ரன். காய்ச்சல் அடித்தால் அந்த உடம்பு காய்ச்சலை ரன் செய்கிறது. ஆற்றோரமாகச் சாலை போனால், அது ஓரடிகூட நகராதபோதும், ரன். பத்திரிகை ஒரு கட்டுரையை வெளியிட்டால் ரன். நாடகம் மூன்று மாதம் தொடர்ந்து நடந்தால் ரன். குத்தகை இன்னும் ஐந்து வருடத்துக்குச் செல்லும் என்பதும் ரன். பால் தீர்ந்துபோனாலும், பழைய சிநேகிதரை வழியில் எதிர்பாராமல் பார்த்தாலும், வண்டி நாய்மேல் ஏறினாலும், கடையில் பாக்கி ஏறினாலும், ஆள் இல்லாத இடத்தில் அவரை மட்டம் தட்டினாலும் அதே ரன்தான். பின்னால் ஒட்டிக்கொள்ளும் குட்டிச்சொல் மட்டும் மாறும். ஒரு குடும்பத்தில் வழுக்கை பரம்பரையாக வந்தால் அது அங்கே ரன் ஆகிறது. அந்தக் குடும்பத்தின் வியாபாரத்தை மூத்த பையன் ரன் செய்கிறான்.

தமிழில் இவை ஒவ்வொன்றுக்கும் தனி வினை கிடைக்கிறது. ஒழுகு, போ, அடி, தீர், ஏறு, நடத்து. பார்த்தவுடன் தாய்மொழியின் வளம் என்று மார்தட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கலாம். மேலே எழுதிய வரிகளிலேயே சாயமும் போகிறது, சாலையும் போகிறது. வண்டி நாய்மேல் ஏறுகிறது, பாக்கியும் ஏறுகிறது. காய்ச்சல் அடிக்கிறது, வெயில், காற்று, வாடை, மணி எல்லாமே அடிக்கின்றன, ஒருவருக்கு லாட்டரியும் அடிக்கிறது. கில்லிவர் மாதிரி ஒருவர் நம் ‘அடி’யோடு உட்கார்ந்தால் எத்தனை மாதம் கழித்து எழுந்திருப்பார் என்று சொல்வதற்கில்லை. நம் ‘ஓடு’ம் சளைத்ததல்ல. பஸ் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, காலம் ஓடுகிறது, சுவரில் விரிசல் ஓடுகிறது, எப்படியோ குடும்பம் ஓடுகிறது. பரீட்சை மண்டபத்தில் மூளை ஓடுவதில்லை. படம் மட்டும் இரண்டு விதமாக ஓடும். அரங்கில் திரையிடப்பட்டாலும் ஓடுகிறது என்போம். ஆனால் ‘படம் ஓடவில்லை’ என்றால் திரையிடவில்லை என்று பொருள் இல்லை, யாரும் வரவில்லை என்று பொருள். 1944இல் வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைத் தாண்டி ஓடியது என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த ஓட்டத்தில் நகர்ந்தது படச்சுருள் மட்டும். இப்போது சுருளும் இல்லை. வினை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

(ஓட்டு வீட்டுக்காரர் ஓட்டுக் கேட்க ஆட்டோ ஓட்டி வந்தார் என்கிற விளையாட்டு இந்தக் கணக்கில் வராது. அவை மூன்றும் வெவ்வேறு சொற்கள். அதில் ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்து தற்செயலாக வரிசையில் நின்றுகொண்டது. ரன்னின் 645உம் ஒரே சொல்லின் பொருள்கள்.)

ஆனால் 645 என்பது யாருடைய எண்? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் உருவாகி வந்த வேர்ட்நெட் என்னும் கணினிச் சொற்களஞ்சியம் இதே வினைக்கு 41 பொருள்களோடு நிறுத்திக்கொள்கிறது. மொழி ஒன்று, சொல் ஒன்று, எண்ணிக்கை பதினைந்து மடங்கு வித்தியாசம். ஆக்ஸ்ஃபோர்டுடையது வரலாற்று அகராதி. வழக்கொழிந்த பொருளையும் விடாது, குட்டிச்சொற்கள் ஒட்டிய வடிவங்களையும் அதே பதிவின் கீழ் வைக்கும். அது ஒரு காரணம். முழுக் காரணம் அதுவல்ல. அகராதிக்காரர்களுக்குள் இரண்டு கட்சிகள் எப்போதும் உண்டு. மூக்கிலிருந்து வரும் நீரும் குழாயிலிருந்து வரும் நீரும் ஒரே பொருள் என்று சேர்ப்பவர்கள் ஒரு கட்சி, இல்லை இரண்டு என்று பிரிப்பவர்கள் மறு கட்சி. எங்கே வெட்டுவது என்பதற்குச் சொல்லுக்குள்ளே கோடு எதுவும் போட்டிருப்பதில்லை. பிரிட்டிஷ் அகராதியியலில் பெரிய பெயரான சூ அட்கின்ஸ், சொற்பொருள் என்கிற ஒன்றில் தனக்கு நம்பிக்கையே இல்லை என்று சொன்னார். அதையே 1997இல் கணினி மொழியியலாளர் ஆடம் கில்கரிஃப் தன் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார். வாழ்நாளெல்லாம் பொருள்களைப் பிரித்து எண்ணிட்டு அச்சிட்டவர்களின் வாயிலிருந்து வந்த வார்த்தை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இந்தச் சங்கடம் புதிதல்ல. 1755இல் தன் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், முன்னுரையில் ஒரு வினைக் கூட்டத்தைப் பெயர் சொல்லியே குறைப்பட்டுக்கொள்கிறார். கொடு, எடு, போடு, வா, போ, திரும்பு, எறி என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ரன்னும் இருக்கிறது, செட்டும் இருக்கிறது. பொருள் இளகிக் கிடக்கும் சொற்கள், பின்தொடர்ந்து போனால் வழி தப்பிவிடும் என்பது அவர் வருத்தம். அரிய சொற்கள் அவரை அப்படிப் படுத்தவில்லை.

ஜான்சனுக்கு நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு வகையில் இதே சங்கடம் வந்தது. பின்னாளைய ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காக 1857இல் லண்டன் மொழியியல் கழகத்தில் தொடங்கிய பேச்சு, 1879இல் ஜேம்ஸ் மர்ரே ஆசிரியராகப் பொறுப்பேற்றபோது வேலையாக உருவெடுத்தது. தகரக் கொட்டகை ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புறாக்கூட்டு அறைகளைச் செய்துவைத்து, ஆங்கிலம் படிக்கும் உலகத்தையே அவர் வேலைக்கு அழைத்தார். புத்தகம் படிப்பவர்கள் ஒரு சொல் வரும் வாக்கியத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். லட்சக்கணக்கில் சீட்டுகள் வந்தன. அவர் பிள்ளைகள் கைச்செலவுக் காசுக்காக அவற்றை அகரவரிசையில் அடுக்கினார்கள். அடுக்கி முடித்துப் பார்த்தால் ஒரு விபரீதம். வழக்கொழிந்துபோன ‘அப்யூஷன்’ என்ற சொல்லுக்கு ஐம்பது சீட்டுகள் வந்திருந்தன. நாள்தோறும் புழங்கும் ‘அப்யூஸ்’ என்ற சொல்லுக்கு ஐந்துகூட வரவில்லை. படிக்கிறவர்கள் கண்ணில் விசித்திரமான சொல் பட்டால் நிற்கிறார்கள். பழகிய சொல்லைக் கடந்து போய்விடுகிறார்கள். மர்ரேயும் உதவியாளர்களும் பழகிய சொற்களுக்கான மேற்கோள்களைத் தாங்களே தேடி எடுக்க வேண்டியதாயிற்று. அப்படித் தேடியதால்தான் ரன் போன்ற சொற்களின் பரப்பு வெளியே தெரிந்தது. முதல் பதிப்பில் ஆர் எழுத்தைப் பார்த்துக்கொண்டவர் வில்லியம் கிரெய்கி, செட் அடங்கிய பகுதியைப் பார்த்தவர் ஹென்றி பிராட்லி. பதிப்பு முழுமையடைந்த 1928இல் மர்ரேயும் இல்லை, பிராட்லியும் இல்லை.

அடிக்கடி புழங்கும் சொல்லுக்குப் பொருள் பெருகும் என்பதை 1945இல் அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் ஸிஃப் ஒரு கணக்காகவே போட்டுக் காட்டினார். ஒரு சொல்லின் பொருள் எண்ணிக்கை, அது புழங்கும் அளவின் வர்க்கமூலத்தை ஒட்டிப் போகிறது என்பது அவர் கண்டது. சரிதான். ஆனால் புழக்கம் மட்டுமே காரணமென்றால் ஆங்கிலத்தில் ரன்னைவிட அதிகம் புழங்கும் வினைகள் பல உண்டு. போ, வா, செய் ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்கள் அதைவிட எத்தனையோ மடங்கு புழங்குகின்றன. அவை ஏன் பின்தங்கின? இங்கேதான் ஒரு பழைய விபத்தைச் சொல்ல வேண்டும்.

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்திருப்போம். ஓடினான், ஓட்டினான். நடந்தான், நடத்தினான். திரும்பினான், திருப்பினான். வண்டி ஓடுவது வேறு, வண்டியை ஒருவர் ஓட்டுவது வேறு என்பதை வினையின் உடம்பே காட்டிவிடும். ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் இது இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ஓடுவதற்கு ‘இர்னன்’ அல்லது ‘ரின்னன்’; ஓடச் செய்வதற்கு, குதிரையை விரட்டுவதற்கு, ‘ஆர்னன்’. ஜெர்மானிய மொழிகள் எல்லாவற்றிலும் இந்த இரட்டை இருந்தது. வைக்கிங்குகள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த நார்ஸ் மொழியிலும் ‘ரின்ன’, ‘ரென்ன’ என்று இரண்டு. இன்றைய ஜெர்மனில் இந்த ஜோடி ‘ரின்னென்’, ‘ரென்னென்’ என்று தனித்தனியாகவே இருக்கிறது. முன்னது நீர் ஒழுகுவதற்கு, பின்னது ஆள் ஓடுவதற்கு என்று வேலையை மட்டும் மாற்றிக்கொண்டுவிட்டது. ஆங்கிலத்திலோ நார்ஸும் நாட்டுச்சொல்லும் கலந்து, உயிரெழுத்துகள் ஒன்றையொன்று நெருங்கி, ஓடுவதும் ஓட்டுவதும் ஒரே ஒலிக்குள் விழுந்துவிட்டன. விழுந்த இடத்தில் எழுந்து நின்றது ரன். அதன்பின் எந்திரம் ரன் ஆகும், ஆள் எந்திரத்தை ரன் செய்வார். இரண்டுக்கும் வினையில் ஓர் எழுத்து வித்தியாசமும் கிடையாது.

செட் கதையும் இதுவேதான். அது பிறப்பிலேயே பிறவினை. உட்காருவதற்கு ‘சிட்’, உட்காரவைப்பதற்கு ‘செட்’. அம்மா பிள்ளையைத் திண்ணையில் இருத்துவது மாதிரி ஒரு பொருளை ஓரிடத்தில் இருத்துவது. பிறகு அது தன் எல்லையைத் தாண்டித் தன்வினைப் பக்கமும் புகுந்தது. சூரியன் மறைந்தால் செட், சிமென்ட் இறுகினால் செட், பாகு உறைந்தால் செட். ஆங்கிலத்தின் இரண்டு முதலிடச் சொற்களும் தன்வினைக்கும் பிறவினைக்கும் நடுவே இருந்த வேலி சரிந்த இடத்தில் வளர்ந்தவை. வேலி சரிந்தால் ஒவ்வொரு பொருளும் இரண்டாகப் பெருக வழி கிடைக்கிறது. தண்ணீர் ஓடுவது ஒரு பொருள், குளிக்கத் தொட்டியில் தண்ணீர் பிடிப்பது இன்னொன்று. குதிரை பந்தயத்தில் ஓடுவது ஒன்று, உரிமையாளர் அதைப் பந்தயத்தில் இறக்குவது இன்னொன்று. 645ஐ இந்த ஒன்றைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதை விட்டுவிட்டு விளக்க முடியாது.

கால் ஓடுவதுதான் மூலப்பொருள், நீர் ஓடுவதெல்லாம் உருவகம் என்று நமக்குத் தோன்றுவதும் பழக்கதோஷம். பழைய ஆங்கிலத்திலேயே ஓடும் தண்ணீருக்கு இந்த வினைதான். மனிதனும் வாய்க்காலும் ஒன்றாகவே அந்தச் சொல்லுக்குள் நுழைந்தவர்கள். அகராதியில் ஒன்றுக்கு 1 என்றும் மற்றதற்கு இன்னோர் எண்ணும் போட வேண்டியிருப்பது அச்சுப் பக்கத்தின் கட்டாயம்.

இந்த வேலிச் சரிவு அதிகாரத்தைப் பற்றியும் ஒன்றைக் காட்டுகிறது. நீராவி எந்திரம் வந்த பிறகு ஆலைகள் ஓடத் தொடங்கின. ஆலையை ஓட்டுகிறவர்கள் வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கடை, ஓட்டல், கட்சி என்று எல்லாவற்றையும் ரன் செய்ய ஆரம்பித்தார்கள். பிறகு நாட்டையே ரன் செய்தார்கள். ஒரு நிறுவனம் ரன் ஆகிறது என்பதற்கும் ஒருவர் அதை ரன் செய்கிறார் என்பதற்கும் வினை ஒன்றாக இருப்பதால், ஓட்டுகிறவரை வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டாலும் வினை முகம் கோணாது. தமிழில் ‘ஓட்டு’ என்று சொல்லிவிட்டால் யார் என்ற கேள்வி கூடவே வரும். நாம் கம்பெனியை ஓட்டுவதில்லை, நடத்துகிறோம், அரசாங்கமும் அப்படித்தான். ‘ஓட்டுகிறேன்’ என்று குடும்பத்தையோ கடையையோ பற்றி ஒருவர் சொன்னால் அதில் ஒரு சலிப்பு இருக்கும். நாளைத் தள்ளுகிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் பெருமையாகச் சொல்வதைத் தமிழில் அப்படியே சொன்னால் பரிதாபப்படுவார்கள்.

எந்திரம் ஒரு வினையை எப்படி மாற்றுகிறது என்று பார்க்க இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் போக வேண்டியதில்லை. கொங்கு நாட்டில் கைத்தறிக்காரர் ‘நெய்கிறேன்’ என்பார். விசைத்தறிக்காரர் ‘தறி ஓட்டுறேன்’ என்பார். வெளிவருவது இரண்டிலும் துணிதான். மின்சாரம் வந்தவுடன் நெசவு என்ற வினை எந்திரத்துக்குப் போய்விட்டது. மனிதருக்கு மிச்சமிருந்தது ஓட்டுவது. யாரும் உட்கார்ந்து முடிவெடுத்து இந்த வினையை மாற்றவில்லை.

தேர்தலில் இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலில் ஓடுகிறார், பிரிட்டனில் நிற்கிறார். ஒரே மொழி, ஒரே செயல், கடலுக்கு இப்பக்கம் ஒரு வினை, அப்பக்கம் அதற்கு நேர் எதிரான வினை. நம்மூரிலும் வேட்பாளர் நிற்கிறார்தான். ஜனநாயகம் வெள்ளைக்காரன் வழியாக வந்ததில் வினையும் சேர்ந்து வந்திருக்கலாம். ஓடுவது தோற்ற பிறகு.

நிற்பதையே ரன் என்று சொல்லும் இடமும் உண்டு. வங்கி திவாலாகப் போகிறது என்ற வதந்தி பரவி, போட்ட பணத்தை எடுக்க ஜனங்கள் மொய்ப்பதற்கு ஆங்கிலத்தில் வங்கி ரன் என்று பெயர். 2007 செப்டம்பர் 14ஆம் தேதி காலை பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகள் முன்னால் அப்படி மொய்த்தார்கள். 1866இல் ஓவரெண்ட் கர்னி என்ற நிதி நிறுவனம் வீழ்ந்த பிறகு அந்த நாட்டில் அப்படி ஒன்று நடந்ததில்லை என்றார்கள். படங்களைப் பார்த்தால் அங்கே ஒருவரும் ஓடவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் ஆயிற்றே, நடைபாதை நெடுக ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். முதியவர்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தும் இருந்தார்கள். 2023 மார்ச் 9ஆம் தேதி அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். இந்த முறை வரிசையும் இல்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்தபடியே ஃபோனில் விரலால் தட்டினார்கள். அதற்கும் பெயர் ரன்தான். அகராதிக்காரர் இதைப் புதிய பொருள் என்று எண்ணிட மாட்டார். பழைய பொருளின் கீழே புதிய மேற்கோளாகச் சேர்ப்பார். கால்கள் ஓடியதும், கால்கள் நின்றதும், கால்களுக்கு வேலையே இல்லாததும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். ஆனால் பால் தீர்வதற்குத் தனி எண், பெட்ரோல் இல்லாமல் வண்டி நிற்பதற்கு அநேகமாக இன்னொன்று. வெட்டுவது எங்கே என்பதைப் பற்றி மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இத்தனையையும் ஒரு சொல்லில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் பேசுகிறவர்கள் எப்படிக் குழம்பாமல் இருக்கிறார்கள்? தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே இந்தக் கேள்வியைத் தொட்டுவிட்டார். பலபொருள் ஒருசொல்லை அவர் இரண்டாகப் பிரிக்கிறார்: வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது. ‘மா’ என்றால் மரமும் உண்டு, விலங்கும் உண்டு. மா பூத்தது என்றால் மரம். மா கனைத்தது என்றால் குதிரை. வினையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. சேர்ந்து வரும் இனமும் பேச்சின் சார்பும்கூடக் காட்டிக்கொடுக்கும். மா விழுந்தது என்றால் மரமும் விழும், குதிரையும் விழும். அப்போது எந்த மா என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். வினை, இனம், சார்பு என்ற அந்த மூன்றையும் விட்டுத் தனியாக நிற்கிற சொல்லுக்குப் பொருள் தேடுவது அவர் வழக்கமில்லை. பின்னால் வந்த திவாகரம் என்னும் நிகண்டு தன் பதினோராம் தொகுதியை ஒருசொல் பல்பொருளுக்கு ஒதுக்கியது. ஆனால் அது பெயர்த்தொகுதி, வினைகளின் பக்கம் போகவில்லை.

ரன் விஷயத்தில் தொல்காப்பியரின் வழியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. அவர் வினையைக் கொண்டு பெயரைத் தெளிந்தார். இங்கே வினையே இளகிக் கிடப்பதால் பெயரைக் கொண்டு வினையைத் தெளிய வேண்டும். மூக்கா, ஆறா, வழுக்கையா, வங்கியா என்று பக்கத்தில் நிற்கிற பெயர் சொல்லிவிடும். அப்படியானால் அந்த 645இல் பெரும்பகுதி ரன்னுக்குச் சொந்தமே அல்ல, அக்கம்பக்கத்தாருடையது.

கணினிக்கு இதைக் கற்றுக்கொடுக்கப் போனவர்கள் பட்ட பாடு தனி. 1960இல் இஸ்ரேலிய தர்க்கவியலாளர் பார்-ஹில்லல் ஒரு சின்னக் குழந்தையை வைத்து எந்திர மொழிபெயர்ப்பையே கேள்விக்குள்ளாக்கினார். பொம்மைப் பெட்டியைத் தேடும் குழந்தை அதைப் ‘பென்’னுக்குள் கண்டுபிடிக்கிறது. பென் என்றால் பேனா. குழந்தை விளையாடும் அடைப்புக்கும் அதுவே பெயர். பேனாவுக்குள் பெட்டி இருக்க முடியாது என்று நமக்குத் தெரிகிறது, எந்த இலக்கணத்திலும் அது எழுதியிருக்கவில்லை. எந்திரத்துக்கு இதை ஒருபோதும் புரியவைக்க முடியாது என்றார் அவர். ஒருபோதும் என்று சொன்னது அவசரம் என்பதை இன்று கையிலிருக்கும் ஃபோனே காட்டிவிடும். ஆனால் கேள்வியைச் சரியான இடத்தில்தான் வைத்தார். சார்பு என்று தொல்காப்பியர் சொன்னதற்குள் பெட்டியின் அளவும் பேனாவின் அளவும்கூட அடங்கும்.

ரன் தமிழுக்கும் வந்தது. வந்தபோது 645ஐயும் அழைத்துக்கொண்டு வரவில்லை. கிரிக்கெட்டோடு வந்தது முதலில். அந்த விளையாட்டின் ஆதிகாலத்தில் இங்கிலாந்தில் கணக்கு வைப்பவர் ஒரு குச்சியில் வெட்டுக் குறிகள் போடுவார். வெட்டுதான் எண்ணிக்கையின் பெயராகவும் இருந்தது. பின்னால் அந்த இடத்தை ரன் பிடித்தது. நாமோ அதற்குள் ஓட்டம் இருப்பதையே மறந்துவிட்டோம். சச்சின் ரன் அடித்தார் என்கிறோம். ஓடி எடுத்த ரன் என்று தனியாகச் சொல்லவும் செய்கிறோம், யாருக்கும் அது கூறியது கூறலாகத் தோன்றுவதில்லை. சிக்ஸர் அடித்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாலும் ஆறு ரன். செய்தித்தாள்கள் ‘ஓட்டங்கள்’ என்று எழுதிப் பார்த்தன. இலங்கையில் அது நன்றாகவே வேர்விட்டது. இங்கே தேநீர்க்கடையில் ஓட்டம் என்று ஸ்கோர் கேட்டவரை நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஏர்போர்ட்டோடு ரன்வே, பழைய வண்டி விற்கும் விளம்பரத்தோடு ரன்னிங் கண்டிஷன், கண்டக்டர் அதட்டலோடு ‘ரன்னிங்ல ஏறாதே’. கடைசியில் கணினியோடு வந்த ரன். இந்தக் கடைசி வரவில்தான் தமிழ் ஒரு காரியம் செய்திருக்கிறது. மென்பொருள் எழுதுகிற பிள்ளைகள் பேசுவதைக் கேளுங்கள். ‘ரன் பண்ணிப் பாரு’ என்பார்கள். ‘பண்ணிட்டேன், ரன் ஆகலை’ என்று பதில் வரும். ரன் பண்ணு, ரன் ஆகு. ஆங்கிலம் சில நூற்றாண்டுகளுக்கு முன்பு தொலைத்த தன்வினை, பிறவினை வேலியைத் தமிழ் இரண்டு துணைவினைகளைக் கொண்டு அந்தச் சொல்லுக்குள் மறுபடி போட்டுவிட்டது. பண்ணுத் தமிழ் என்று நாம் கேலி செய்கிற பேச்சு செய்த வேலை இது. தூய தமிழில் எழுதுகிறவர்கள் ‘இயக்கு’, ‘இயங்கு’ என்று இதே ஜோடியைத்தான் நெடுநாளாக வைத்திருக்கிறார்கள். பேசுகிறவர்கள் அதைக் கடன்சொல்லிலேயே செய்துகொண்டார்கள்.

செட்டுக்கும் அதே வைத்தியம் நடந்திருக்கிறது. டைம் செட் பண்ணு, ரூம் செட் பண்ணு என்பதெல்லாம் பிறவினை. தன்வினைப் பக்கம் செட் ஆகு. அதற்குப் பொருளும் புதிதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது: பொருந்து, ஒத்துப்போ. அந்தச் சட்டை உனக்கு செட் ஆகாது, இந்த வேலை எனக்கு செட் ஆகலை. ஆங்கிலேயரிடம் இதை அப்படியே சொன்னால் விழிப்பார். 1989ஆம் ஆண்டுப் பதிப்பின் 430இல் இதற்கு இடமில்லை. இங்கே கல்யாணப் பேச்சை ஒரே வரியில் முறிப்பதற்கு இப்போது அதைவிடக் கச்சிதமான வாக்கியம் எதுவும் இல்லை. ‘ஜாதகமெல்லாம் பொருந்துச்சு. பேசிப் பார்த்தாங்க, ரெண்டு பேருக்கும் செட் ஆகலை.’